வளைய மறுக்கும் கார்

நாளை காலை, முதன்முறையாகப் பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறேன்.

வளைவில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நேராகவே ஓடும். வளைவில் டயர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று, மெக்கானிக்கிடம் சொல்லி முன்சக்கரங்களின் மேல்பக்கத்தைச் சற்று உள்ளே சாய்த்து வைக்கச் செய்தேன். நேற்று அழகாக வளைந்தது.

இன்று வீல் பேலன்சிங்குக்காகக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கடையில் காரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது தொழிற்பேட்டை வளைவில் அது மறுபடியும் நேராக ஓடியது. கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு சக்கரமும் சாஞ்சிகினு இருந்துச்சி மேடம். டயரு தேஞ்சி பேஜாராயிடும். நீங்க கேக்காமலே நிமித்திட்டேன்!"

"அண்ணா, அது வேணும்னே சாய்ச்சது."

"இன்னா மேடம், யாராச்சும் வேணும்னே சாய்ப்பாங்களா? கடைய சாத்திட்டேன், திங்கக்கெழம வாங்க."

அவ்வளவு அக்கறையோடு சொன்னார். கோபப்படக்கூட முடியவில்லை.

வளைவே இல்லாத பந்தயத் தடம் யாருக்காவது தெரிந்தால் இன்றைக்குள் சொல்லுங்கள்.