புளி இல்லாத எட்டு நாள்

மூன்றாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையின் இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. நினைவை மட்டும் நம்பாமல், அம்மா பத்திரப்படுத்தியிருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பார்த்தே எழுதுகிறேன். கீரிப்பாறையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கத்தி வழுக்கி, இடது மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், கையை மட்டும் மரக்கச்செய்து தைப்பதாகச் சொன்னார்கள்.

மயக்க மருந்து டாக்டர் முதலில் அப்பாவை எடை பார்த்தார். பிறகு அக்குளில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார். இடையிடையே ஊசியின் தண்டைப் பின்னுக்கு இழுத்து, இரத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். கூடவே ஓயாத பேச்சு. நானும் அம்மாவும் திரைச்சீலைக்கு வெளியே, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நேத்து என்ன கறி?"

"சாளை மீன் சாரே. உப்பு கூடிப்போச்சு."

"மெதுவா சொல்லும், சமைச்சவிய வெளியதான் நிக்காவ."

சிரித்த அப்பா பாதியில் நிறுத்தினார். "வாயில தகரத்த நக்குன மாதிரி இருக்கு சாரே. செவியில வண்டு இரையுது."

டாக்டரின் கை அப்படியே நின்றது. ஊசியை எடுத்துவிட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். அதற்குள் அப்பாவின் உதடு துடித்து, உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது. நர்ஸ் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து வெள்ளைவெளேரென்ற மருந்தை எடுத்து, டாக்டர் வலக்கை நரம்பில் ஏற்றினார். மீதியைச் சொட்டாக விட்டார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். தினமும் மரத்தில் கட்டிய சிரட்டையில் பார்ப்பதுதான். ரப்பர் பால்.

அப்பா கண்விழித்து, "மக்கா எங்க?" என்று கேட்ட பிறகுதான் அம்மா வாயிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்தாள்.

"மரக்கதுக்குப் போட்ட மருந்து ரத்தத்துல ஏறிட்டு. இனி எங்க ஊசி போட்டாலும் இந்தச் சீட்டக் காட்டணும்," என்றார் டாக்டர்.

கையை மறுநாள் முழு மயக்கத்தில் தைத்தார்கள். என் கவலை வேறு. ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் பாத்திரத்தோடு கட்டியாக உறைந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆசிட்டும் புளிப்புத்தானே. ஆகவே வீடு திரும்பிய அன்றே புளி போட்டுவைத்திருந்த பரணியை ஒளித்துவைத்தேன். மோரையும் ஊறுகாயையும்கூட அப்பாவின் பக்கம் அண்டவிடவில்லை.

"ஏட்டி, கறிக்குப் புளி எங்க?" என்றாள் அம்மா.

"அப்பாக்குப் புளி கூடாது. உள்ள பால் ஒறைஞ்சிரும்."

அம்மா கரண்டியோடு நின்று சிரித்துவிட்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"பிள்ள சொல்லுதது சரிதான். எத்தன நாளு மக்கா?"

நாட்காட்டியைப் பார்த்து, தோன்றியபடி எட்டு நாள் என்றேன். வெளிறிப்போன அந்த மீன் கறியை எட்டு நாளும் அப்பா குறைசொல்லாமல் சாப்பிட்டார். நான் தேதிகளை ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்பதாம் நாள் பரணியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வெள்ளை மருந்து சோயா எண்ணெயில் செய்தது என்று நர்ஸ் அப்பாவிடம் முதல் நாளே விளக்கியிருந்தார். அப்பா அதை என்னிடம் சொன்னது, நான் பிளஸ் டூ படிக்கும்போதுதான். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் கண்மூடாத நான், அந்த எட்டு நாளும் நிம்மதியாகத் தூங்கினேன். அப்பாவைக் குணமாக்கிக்கொண்டிருப்பது நான்தான் என்ற நினைப்பு. வைத்தியம் எனக்குத்தான் நடந்துகொண்டிருந்தது.