பரீட்சைக்கு வைத்த வயிறு

என் அக்கா புருஷனுக்கு மருத்துவக் கல்லூரியில் பெயரே கிடையாது. "மண்ணீரல் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதும் என்னிடம்தான். நான் வார்டு உதவியாளன். அவரை முதன்முதலில் அங்கே கூட்டிப்போன புண்ணியவானும் நானே.

மச்சான் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுபவர். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கி, தொப்புள்வரை இறங்கியிருந்தது. வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்று முதல் வருடமே பெரிய டாக்டர் சொன்னார். "பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்" என்றும் சொன்னார். ஆறு வருடமாகப் பரீட்சை முடிந்துகொண்டே இருந்தது. கையை வைத்ததும் தட்டுப்படுகிற இப்படியொரு வயிறு டாக்டருக்கு வேறெங்கே கிடைக்கும்?

பரீட்சையன்று மச்சான் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுப்பார். முப்பது மாணவர்கள் வேர்த்த கையோடு வந்து அழுத்துவார்கள். திருதிருவென முழிக்கிற பிள்ளைகளிடம், "இடது ஹைப்போகாண்ட்ரியம்னு சொல்லுங்க தம்பி" என்று முணுமுணுத்துக் காப்பாற்றிவிடுவார்.

அந்த வார்த்தைக்குப் பெரிய டாக்டர் வருடாவருடம் பரீட்சை தொடங்குமுன் ஒரே விளக்கம் சொல்வார். கிரேக்கத்தில் ஹைப்போ என்றால் கீழே, காண்ட்ரோஸ் என்றால் குருத்தெலும்பு. விலாவின் குருத்தெலும்புக்குக் கீழே இருக்கிற வயிற்றுப் பகுதி. மனக்கவலை அங்கேதான் குடியிருக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்களாம். இல்லாத நோயை இருப்பதாகப் புலம்புகிறவர்களுக்கும் அதிலிருந்துதான் ஹைப்போகாண்ட்ரியாக் என்று பெயர் வந்ததாம். சொல்லிக்கொண்டே மச்சானின் வயிற்றில் மேசையைத் தட்டுவதுபோல் தட்டுவார். நான் பக்கத்தில் போர்வையை மடித்துக்கொண்டு நிற்பேன்.

இந்த வருடம் மச்சான் தலையைத் தூக்கி, "சார், ரெண்டு வாரமா அந்த இடம் குத்துது. கை வைக்க முடியல" என்றார்.

"இப்பதானே சொன்னேன்? அங்க வர்ற வலியில பாதி கற்பனை."

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் மார்க் போய்விடுமே.

பதினேழாவது பிள்ளை அழுத்தியபோது மச்சான் "அம்மா" என்று சுருண்டார். முகம் வெளுத்து, என் கைமேலேயே வாந்தியெடுத்தார். மண்ணீரல் கிழிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரை நான்தான் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஆறு வருடமாகக் கிடைக்காத ஆபரேஷன் அரை மணி நேரத்தில் கிடைத்தது. ஏதோ பிழைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். தையல் போட்ட தட்டையான வயிற்றைப் பார்த்து உச்சுக்கொட்டினார். கூட வந்தவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். "பாவம், அவர் முகமே வாடிப்போச்சு. என்னடா சொன்னார்?"

அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். அருமையான கேஸ் வீணாகிவிட்டது, அடுத்த வருடத்துக்கு வேறு வயிறு தேட வேண்டும் என்றார். எனக்கு அவர்மேல் வந்த அருவருப்பைவிட, ஆறு வருடமாகப் போர்வை மடித்த என்மேல் வந்த அருவருப்புதான் அதிகம்.

"உடம்பைப் பார்த்துக்கச் சொன்னார்க்கா" என்றேன்.

அவள் எழுந்து நின்று, போகிறவரின் முதுகைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் வாசலில் திரும்பி, தலையசைத்து வாங்கிக்கொண்டார்.