ஹாஜிரா கேட்டுவிட்டுக் காத்திருப்பார்

செய்தி வந்தபோது தாம்பரத்தில் மகன் வீட்டில் பேத்திக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஷமீமாவின் பெயர் தெரிந்தது. ஹாஜிராவின் மகள் காலை நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறவள் இல்லை.

"டீச்சர், உம்மா மவுத்தாயிட்டாங்க. தொழுகைக்கு எழுந்து முகம் கழுவப் போனாங்க. அங்கேயே சாஞ்சுட்டாங்க" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. ஒரு தகவலைச் சரியாகச் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற கவனம் மட்டும் இருந்தது. "சாயங்காலத் தொழுகைக்கு முன்னாடி அடக்கம். உங்களால வந்துட முடியுமா?"

முடியவில்லை. நான் மயிலாடுதுறை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பெண்கள் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, நான் ஷமீமாவிடம் இரண்டு வார்த்தை பேசியதுமே தலையை நிமிர்த்தி, "நீங்கதானே அந்தப் பதில் சொல்ற டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நம் ஆங்கிலப் பாடக் குழுவில் இதைப் படிக்கும் உங்களில் பலர் ஹாஜிராவைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு அவர் ஒரு குரல். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பார், நீங்கள் பதில் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், பிறகு என் குரலில் ஒரு பதில் வரும். அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த மனுஷியைப் பற்றி, அவரோடு இருபது வருடம் பழகியவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஊரெங்கும் பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. மயிலாடுதுறையில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் ஹாஜிரா ஆறு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். கணவர் யூசுப் வளைகுடாவிலேயே இருக்க, மகளின் படிப்புக்காக இவர் மட்டும் ஊர் திரும்பியிருந்தார். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. அமெரிக்காவில் இருந்த தம்பிக்கு மின்னஞ்சல் அனுப்ப சனிக்கிழமைகளில் அந்த மாடிப்படி ஏறுவேன்.

முதல் நாளே அங்கே ஒரே சிரிப்பு. இரண்டு ஆண்கள் முதுகோடு முதுகு ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் இணையத்திலிருந்து அச்செடுத்த ஒரு படம். அதைப் பார்த்து அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, படத்தைப் பார்க்காத மற்றவர் வரைய வேண்டும். நாய் மரத்துக்குக் கீழே இருக்கிறது என்றார் இவர். அவர் நாயை மரத்தின் உச்சியில் வரைந்து வைத்திருந்தார். வரைந்தவர் பெயர் முருகேசன். குத்தாலத்துப் பக்கம் விவசாயக் கூலி. ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை நெல் பொய்த்துப் போனதில் வெளிநாட்டுக்குப் போகத் தீர்மானித்து, ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "முதல்ல இலக்கணத்தைச் சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் விளையாடலாமே" என்றேன்.

ஹாஜிரா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டீச்சருங்களா? உக்காருங்க. மரத்துக்கு மேல நாயைப் போட்டுட்டாரு இல்ல, கீழேங்கிற வார்த்தையை இனிமே சாகற வரைக்கும் மறக்க மாட்டாரு" என்றார். முருகேசன் வெட்கப்பட்டுக்கொண்டே நாயை அழித்தார்.

ஹாஜிரா பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர் இல்லை. வளைகுடாவில் அவர்கள் இருந்தது ஒன்பதாவது மாடியில். பக்கத்து வீட்டில் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ். லிஃப்ட் ஒன்பது மாடி இறங்குவதற்குள் அந்தப் பெண்ணிடம் தினமும் ஒரு வாக்கியம் கற்றுக்கொள்வாராம். "ஒன்பது மாடிக்குள்ள முடியற வாக்கியமா இருக்கணும் டீச்சர். அதுக்கு மேல நீளமா இருந்தா நம்ம ஆளுங்களுக்கும் ஆகாது" என்பார். அவருடைய பாடமுறை என்று சொன்னால் இதுதான்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து மின்னஞ்சல் எனக்கு ஒரு சாக்காகிவிட்டது. இலவசமாக ஆங்கிலம் கற்றுத்தரும் தளங்களை அவர் தேடித் தேடி எடுப்பார். மெதுவாக வாசிக்கும் செய்திகள், படத்தைத் தொட்டால் பெயர் சொல்லும் அகராதி, விமான நிலைய அறிவிப்புகள் என்று எதுவும் தப்பாது. கிராமங்களில் இணையம் இல்லாததால் எல்லாவற்றையும் சிடியில் ஏற்றிக் கொடுப்பார். கூடவே வீட்டுக்கு ஒரு விளையாட்டும் சொல்லி அனுப்புவார். சமையலறையில் இருக்கிற சாமான்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டுங்கள், பெயர் சொல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது என்பார். ஒரு வீட்டில் மாமியார் உப்பின் பெயர் தெரியாமல் ஒரு நாள் முழுவதும் உப்பில்லாமல் சமைத்ததாகக் கேள்வி.

பிறகு நாங்களே பாடம் பதிவு செய்யத் தொடங்கினோம். பேருந்து ஹாரன் விழாமல் இருக்க, சாமான் அறையில் மெத்தையைச் சுவரோரம் நிறுத்திக்கொண்டு பேசுவோம். கேள்வி அவருடையது, பதில் என்னுடையது. அப்படிப் பதிவானதில் ஒன்று வேலைக்கான நேர்காணல் பாடம். இந்த வேலை தெரியுமா, அந்த வேலை செய்வாயா என்று ஹாஜிரா ஒவ்வொன்றாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் நான், "யெஸ் சார். நோ ப்ராப்ளம், சார்" என்பேன். யூசுப் தொலைபேசியில் சொல்லியிருந்தாராம், அங்கே முதலாளிகள் எல்லாருக்கும் பிடித்த வார்த்தை அதுதான் என்று. எல்லாச் சிடிகளிலும் அதிகமாகக் கைமாறியது அந்தப் பாடம்.

முருகேசன் வளைகுடா போய்ச் சேர்ந்த நான்காவது மாதம் இறந்துபோனார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று மட்டும் தெரிந்தது. நாங்கள் வருத்தப்பட்டோம். அந்த வருத்தம் வேறு மாதிரி ஆனது, அவரோடு வேலை பார்த்த சேகர் என்பவர் விடுப்பில் வந்து எங்களைத் தேடி மாடியேறியபோதுதான். அன்று மத்தியானம் நானும் இருந்தேன். கொண்டுவந்த பேரீச்சம்பழப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சேகர் சொன்னார்:

"உங்ககிட்டப் படிச்சது வீண்போகலைங்க. சூப்பர்வைசர், மேல ஏறி வேலை பாத்துப் பழக்கம் உண்டான்னு கேட்டாரு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். முருகேசன் தென்னமரம்கூட ஏறினவன் இல்லை. ஆனா கேட்ட உடனே சொன்னான் பாருங்க, நோ ப்ராப்ளம், சார்னு. உங்க சிடியில வர்ற மாதிரியே, அதே இழுப்புல."

சேகர் எங்களைப் பாராட்டத்தான் வந்திருந்தார். இன்றுவரை அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் இறங்கிப் போன பிறகு ஹாஜிரா அந்தப் பெட்டியைத் தொடவில்லை. நான்தான் ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "நாம என்ன பண்ண முடியும்? பிழைக்கப் போன எடத்துல தெரியாதுன்னு சொன்னா வேலை குடுப்பானா?" என்றேன்.

"குடுக்க மாட்டான். ஆனா முடியாதுன்னு சொல்லத் தெரிஞ்சு, வேணாம்னு முடிவு பண்ணிச் சொல்லாம இருக்கறது வேற டீச்சர். நாம அவருக்கு அந்த வார்த்தையையே குடுக்கலையே."

முருகேசனின் மனைவியிடம் போய் இதைச் சொல்லியாக வேண்டும் என்றார். அந்தப் பெண் படுகிற பாடு போதாதா, இது எதற்கு என்று நான் தடுத்தேன். கடைசியில் இருவருமாகத்தான் போனோம். செல்விக்கு முப்பது வயதுகூட இருக்காது. வாசலில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்தாள். நான் பேசத் தொடங்கியதுமே அவள் முகம் மாறியது.

"நீங்கதானே அந்த நோ ப்ராப்ளம் சார்?" என்றாள், லேசாகச் சிரித்துக்கொண்டே. "இங்கதான் உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பாரு. கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். யெஸ் சார், நோ ப்ராப்ளம் சார். நான் சொல்றது சரிங்களா?"

ஹாஜிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சேகர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பாடத்தை எழுதியது தான்தான் என்றும் சொன்னார். செல்வி வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவரு யாருக்குமே மாட்டேன்னு சொன்னதில்லைங்க. தமிழ்லயும்" என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் நான் அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஹாஜிரா பிடித்துக்கொள்ளவில்லை. "அந்தப் பொண்ணு நமக்காகச் சொல்லுச்சு டீச்சர்" என்றார், அவ்வளவுதான்.

அந்தப் பாடத்தை அவர் அழித்தார். கையில் இருந்த சிடிகளை உடைத்தார். ஆனால் அது ஏற்கெனவே ஊர் ஊராகப் போயிருந்தது. யார் யாரோ பிரதி எடுத்து, பிறகு கைப்பேசிகளுக்கும் ஏற்றிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில், டீக்கடையில், மருத்துவமனை வரிசையில் என்று நினைக்காத இடத்திலெல்லாம் என் குரலே "நோ ப்ராப்ளம், சார்" என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை தஞ்சாவூர் பாசஞ்சரில் நாங்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தோம். எதிர்ப்பக்கம் ஒரு இளைஞர் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு அதே பதிலை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஹாஜிரா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, உங்களை உயரத்துல ஏறச் சொல்றாங்க. உங்களுக்குப் பழக்கம் இல்லை. என்ன சொல்வீங்க?" அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷத்தில் அவர் முகமெல்லாம் பல்லாக, "நோ ப்ராப்ளம், மேடம்!" என்றார். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் வரை ஹாஜிரா அவரை விடவில்லை. ஐ டோன்ட் நோ, ப்ளீஸ் ஷோ மீ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். இறங்கும்போது அவருக்குக் கொஞ்சம் பயமே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு அவருடைய முதல் பாடம் எப்போதும் மறுப்பதுதான். அதற்கும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் ஏதாவது கேட்க, அடுத்தவர் மரியாதையாக மறுக்க வேண்டும். சரி என்று சொல்லிவிட்டால் ஆட்டத்திலிருந்து அவுட். ஐந்து நிமிடத்தில் வட்டம் காலியாகிவிடும். நம் ஆட்களுக்கு அது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. எல்லாரும் சிரிப்பார்கள். ஹாஜிரா சிரித்து நான் பார்த்ததில்லை.

பாடங்களில் கேள்விக்குப் பிறகு அவர் விடும் இடைவெளியும் நீண்டுகொண்டே போனது. இவ்வளவு நேரம் எதற்கு, பாடம் நின்றுவிட்டதோ என்று நினைத்துவிடுகிறோம் என்று பலர் புகார் சொன்னார்கள். "இல்லைன்னு சொல்றதுக்கு நேரம் ஆகும். இருக்கட்டும்" என்பார். எனக்கு மட்டும் ஒருநாள் வேறொரு காரணம் சொன்னார். சாமான் அறையில் பதிவை நிறுத்திவிட்டு, "நான் பேசாம இருக்கற நேரத்துல முருகேசன் பதில் சொல்றாரு டீச்சர். தினமும் அதேதான் சொல்றாரு. வேற ஏதாவது சொல்ல மாட்டாரான்னு காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். நான் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். மெத்தையும் சுவரும்தான் இருந்தன. ஆனாலும் அதற்குப் பிறகு என் பதிலை அந்த மைக்கில் சொல்ல ஒவ்வொரு முறையும் தயங்கினேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடுவது போல இருக்கும்.

பிரவுசிங் சென்டர்கள் மூடின. ஹாஜிரா கைப்பேசிக் குழுவுக்கு மாறினார். வளைகுடா போகிறவர்களோடு, வெளிநாட்டில் பிறந்து தமிழ் பேசாத பேரப்பிள்ளைகளிடம் வீடியோவில் நாலு வார்த்தை பேச ஆசைப்பட்ட பெண்களும் சேர்ந்தார்கள். ஓய்வு பெற்று நான் தாம்பரம் வந்த பிறகு, கேள்விகளை அவர் பதிவு செய்து எனக்கு அனுப்புவார். நான் பதில்களைப் பேசி அனுப்புவேன். அவர் ஒட்டிப் பாடமாக்குவார்.

அவர் அனுப்பிய கடைசிப் பதிவு, அவர் இறந்தபோது, ஒன்பது நாளாக என் கைப்பேசியில் திறக்காமலே கிடந்தது. பேத்திக்குக் காய்ச்சல், மருமகளுக்கு அலுவலகத்தில் நெருக்கடி, நாளை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மயிலாடுதுறை போய்த் திரும்பிய மறுவாரம், வீட்டில் யாரும் இல்லாத ஒரு முற்பகலில் அதைத் திறந்தேன்.

மொத்தம் பதினோரு கேள்விகள். நலமா, சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று எளிமையானவைதான். வயதானவர்களுக்கான பாடம் போலிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்த நீண்ட இடைவெளி. அதில் அவர் மூச்சு விடுவது கேட்டது. நான் பதில்களைப் பேசினேன். மூன்றாவது கேள்வியில் குரல் உடைந்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். முடித்து ஷமீமாவுக்கு அனுப்பினேன். அவள் ஒட்டிக் குழுவில் போட்டாள். நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் கடைசிக் கேள்விக்குப் பிறகு வரும் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துவிடச் சொன்னேன். பதிவை நிறுத்த ஹாஜிரா மறந்திருக்கிறார். நாற்காலி நகரும் சத்தம், மின்விசிறியின் சத்தம், பிறகு பாடத்துக்கான குரலாக இல்லாமல் அவருடைய சொந்தக் குரலில், தமிழில், மகளிடம் சொல்கிறார்: "டீச்சருக்கு வேலை இருக்கும் ஷமீமா. அவசரமில்லன்னு சொல்லிடும்மா."

எத்தனையோ மணிநேரம் அவர் ஆங்கிலம் பேசியது உலகம் முழுக்க யார் யார் கைப்பேசியிலோ இருக்கிறது. அவர் தமிழ் பேசிப் பதிவானது எனக்குத் தெரிந்து இவ்வளவுதான். அதை நான் வைத்திருக்கிறேன்.