பச்சையில் வெள்ளைப் புள்ளி

நேற்றுப் புடவைக் கடையில் வெள்ளைப் புள்ளி போட்ட பச்சை நூல் சீலை ஒன்றைக் கண்டதும், ஊறவைத்த பயறும் புறா எச்சமும் கலந்த மணம் எங்கிருந்தோ வந்து மூக்கில் ஏறியது. திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பா, எங்கள் பின்வளவுக் கூட்டில் வளர்த்த பந்தயப் புறாக்களின் ஏழு தலைமுறையையும் மூச்சுவிடாமல் சொல்லுவார். என் பிறந்தநாளை மட்டும் அம்மாவிடம் கேட்பார். கப்பல் ஊதினால் கூடு முழுவதும் ஒரேயடியாகச் சிறகடிக்கும், அதற்குள் புகுந்து தகரப்பேணியைக் குலுக்கி இரண்டு நேரமும் தீன் போட்டது எப்போதும் அதேமாதிரிப் பச்சைச் சீலை கட்டிய அம்மாதான்.

ஒரு பந்தயத்தில், யாழ்ப்பாணத்தில் பறக்கவிட்ட எங்கள் சாம்பல் புறா எல்லாவற்றுக்கும் முந்தி வந்து வீட்டு ஓட்டில் இருந்துகொண்டது. அது கூட்டுக்குள் இறங்கி, அதன் கால் வளையத்தைக் கழற்றிப் பந்தய மணிக்கூட்டில் போட்டு நேரம் பதிந்தால்தான் வெற்றி. அப்பா பேணியைக் குலுக்கிக் கை ஓய்ந்தார். கோயிலுக்கென்று புதுச் சிவப்புச் சீலை கட்டி நின்ற அம்மாவை, புறா ஆரோ பிறத்தியாளைப்போலத் தலை சரித்துப் பார்த்தது.

அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "இஞ்சேரும், ஓடிப்போய்ப் பழைய சீலையைக் கட்டிக்கொண்டு வாரும்!"

கொடியில் கிடந்த ஈரச் சீலையை அப்படியே மேலே சுற்றிக்கொண்டு அம்மா வந்தா. புறா அப்பாவின் தலையைத் தாண்டி நேரே கூட்டுக்குள் இறங்கியது. முதல் பரிசு எங்களுக்கு.

வந்தவர்களுக்கெல்லாம் அப்பா அதன் பாட்டன் பூட்டன் பெருமையையே சொன்னார். ஆனால் அடுத்த தீபாவளிக்கு அவர் அம்மாவுக்கு வாங்கிவந்த பார்சலைப் பிரித்தால், அதே பச்சை, அதே வெள்ளைப் புள்ளி.

"இது எனக்கோ, புறாவுக்கோ?" என்று கேட்டா அம்மா.