கவிதாவின் நெற்றிக்குறி

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம் முடித்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, சவரம் செய்துகொண்டேன். எட்டேகாலுக்கு வேலூரில் பேருந்து. திருவண்ணாமலை எண்பத்தைந்து கிலோமீட்டர். கட்டணம் 65 ரூபாய். போளூர் தாண்டி மலை தெரிந்ததும் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"கிரிவலமா சார்?" என்றார் ஆட்டோக்காரர்.

"இல்லைங்க. தங்கச்சி மருமகளுக்கு நாளைக்கு ஞானஸ்நானம்."

"அதுவும் நல்ல காரியம்தான். எண்பது ரூபா குடுத்துடுங்க."

தங்கை வீட்டில் கோழிக்குழம்பு மணந்தது. அவள் மருமகள் கவிதா, கீழ்பென்னாத்தூர் விவசாயக் குடும்பத்துப் பெண். ஞானஸ்நானம் அவளே யோசித்து எடுத்த முடிவு. ஆனால் அப்பா பக்கத்தில் நிற்காவிட்டால் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்கு அப்பா ஏழுமலை வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு பை வேர்க்கடலை.

"நாளைக்கு நான் வரலைங்க. எம்பொண்ணு எம்பொண்ணா இல்லாம போறத நின்னு பாக்கச் சொல்றீங்களா?"

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். ஆதித் திருச்சபையின் போதனையைச் சொன்னேன். ரோமர் காலத்தில் சிலுவை, அடிமைகளைக் கொல்லும் மரம். பேச்சில் எடுத்தாலே அவமானம். அதையே ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதும் விளக்கேற்றும்போதும் நெற்றியில் விரலால் சிலுவை வரைந்தார்கள். உடை, பேச்சு, சாப்பாடு எல்லாம் அக்கம்பக்கத்தார் போலத்தான்.

"வெறும் விரலா? யாருக்கும் தெரியாதே!"

"தெரியாது சம்பந்தி. நடந்துக்கிற விதத்துல தெரியணும்னாங்க."

"எங்களுது பஸ் ஸ்டாண்டுலேர்ந்தே தெரியும்," என்றார். தங்கை சிரித்துவிட்டாள், அவரும் சிரித்தார்.

"ப்பா, நாளைக்கும் நான் ஏழுமலை பொண்ணுதான். நீ விபூதி பூசிக்கினே வா," என்றாள் கவிதா.

அன்று ஏழுமலை ஊருக்குக் கிளம்பவில்லை.

ஞாயிறு காலை முதல் காரியமாக ஏழு மணி ஆராதனைக்குப் போனோம். ஏழுமலை குளித்து, புதிதாக விபூதி பூசிக்கொண்டு, மகள் பக்கத்தில் வந்து நின்றார். போதகர் தண்ணீரில் விரலை நனைத்து அவள் நெற்றியருகே கொண்டுபோனார். சட்டென்று ஏழுமலையின் கை நீண்டது. விபூதி வைக்கும்போது கண்ணில் விழாதபடி மறைப்போமே, அதே போல மகளின் கண்களுக்கு மேல் உள்ளங்கையைக் கவித்துப் பிடித்தார். பிறகுதான் என்ன செய்தோம் என்று உணர்ந்து கையை எடுக்கப்போனார்.

"இருக்கட்டுங்க, அப்படியே புடிங்க," என்ற போதகர், சிரித்தபடி அந்தக் கைக்கு மேலே, கவிதாவின் நெற்றியில், சிலுவை வரைந்தார்.