அம்மை என்று நினைத்து மாத்திரையை நிறுத்தினேன்

போன ஆடி மாதம் என் முகம் முழுக்கக் கொப்புளம் கிளம்பியது. மூக்கு, நெற்றி, கழுத்து, ஓர் இடம் பாக்கியில்லை. நுரையீரலில் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லி, நான் மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்த நேரம் அது. தேக்கா சந்தையில் பூக் கட்டுகிறவள் நான். சிகரெட்டைத் தொட்டதே இல்லை. எனக்கு ஏன் இந்த நோய் என்று அழுதே ஓய்ந்திருந்தேன். அதன்மேல் இதுவுமா?

ஆடியில் வந்ததால் அம்மைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மை போட்டால் எங்கள் வீட்டில் மருந்தைத் தொடமாட்டோம். ஆங் மோ கியோவில் இருக்கிற எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகினேன். மாத்திரையை நிறுத்தினேன்.

நிறுத்தியதும் வேறு பயம். உள்ளே கட்டி வளர்ந்துவிடுமோ? சாப்பிட்டால் ஆத்தாளுக்குக் கோபம், சாப்பிடாவிட்டால் சாவு. மாரியம்மன் படத்தின் முன் உட்கார்ந்தேன். "தாயே, எதைச் செய்யணும்னு நீயே சொல்லு. எனக்குப் புத்தி பத்தல" என்று கதறினேன்.

கண்ணைத் துடைப்பதற்குள் போன் அடித்தது. மருத்துவமனைத் தாதி, நம்ம தமிழ்ப் பெண்.

"அக்கா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"நிறுத்திட்டேன் லா. அம்மை போட்டிருக்கு."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர் எதுக்கு? ஆடி மாசம்ல."

"அக்கா, ஆடி இருக்கட்டும். இன்னைக்கே கிளம்பி வாங்க."

டாக்டர் பார்த்தார். அம்மை இல்லை, மாத்திரையால் வந்தது என்றார். அந்தப் பெண்தான் எனக்குப் புரியும்படி சொன்னாள்.

"உங்க புற்றுநோய்ல வளரு, வளருன்னு ஒரு சிக்னல் ஓயாம போகுதுக்கா. மாத்திரை அதைத் தடுக்குது. தோலுக்கும் அதே சிக்னல் கொஞ்சம் வேணும். அதுவும் தடைபடுறதால தோல் பொரியுது."

சோதனையில் அந்தச் சிக்னல் கோளாறு தெரிந்ததால்தான் எனக்கு இந்த மாத்திரையாம். எல்லாருக்கும் இது ஒத்துவராதாம். பூச மருந்து கொடுத்து, மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னார்கள். வீடு திரும்பியதும் வாசலில் செருகிய வேப்பிலையை எடுத்தேன்.

அடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. டாக்டர் படத்தைக் காட்டினார். நோய் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஒருநாள் இந்த மாத்திரை கேட்காமல் போகலாம், அப்போது வேறு வழி பார்ப்போம் என்கிறார்கள். அதற்கும் கவலைப்படுகிறேன், என் சுபாவம் அப்படி. ஆனால் இப்போது காலையில் எழுந்து பூக் கட்டப் போகிறேன். மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன்.

இதெல்லாம் ஆத்தா போட்ட பிச்சை. வீட்டில் நோயோடு இருப்பவர்களே, அவளிடம் மனம்விட்டுக் கேளுங்கள். மருந்தை மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்திவிடாதீர்கள். அவள் யார் வாயால் பதில் சொன்னாலும் காது கொடுங்கள்.