மதகுச் சாவியோடு எழுபது கிலோமீட்டர்

காலை 7.10, கடலூர் பேருந்து நிலையம். சிதம்பரத்துக்கு டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். மடியில் பதினான்கு மாத மகன் நிலவன். அவன் துணிப்பையின் அடியில், கைக்குட்டையில் சுற்றிய பித்தளைச் சாவி.

அது வீராணம் ஏரியில் ஒரு மதகின் பூட்டுச் சாவி. என் கணவர் அங்கே தற்காலிக லஸ்கர். மதகைத் திறந்து மூடுவது அவர் வேலை. விடுப்பு முடிந்து நேற்று திரும்பியவர், வீட்டில் வேறு சட்டைப்பையில் அதை மறந்துவிட்டார். ஏரித் தண்ணீர் சென்னைக்கும் குழாயில் போகிறது. அதனால் வயல்களுக்கு முறைவைத்துத்தான் விடுவார்கள். அவர் மதகின் வாய்க்காலுக்கு இன்று பதினொன்று முதல் மாலை ஆறு வரை. நாளை வேறு வாய்க்கால். பூட்டை உடைத்தால் மேலதிகாரிக்கு எழுத வேண்டும். எழுதினால் அவர் வேலை போகும். "பதினொன்னுக்குள்ள வந்துரு" என்று மட்டும் போனில் சொன்னார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் நிலவன் வாந்தியெடுத்தான். 8.40-க்குச் சிதம்பரத்தில் இறங்கியபோது காட்டுமன்னார்கோயில் பேருந்து கிளம்ப நின்றது. ஏறியிருக்கலாம். நான் குழந்தையைக் கழுவி, சட்டை மாற்றி, பால் கொடுத்தேன். அடுத்தது ஒன்பதரைக்கு என்றார்கள். அது வரவே இல்லை. 10.10-க்குத்தான் ஒன்று வந்தது. தாயாகச் செய்தது சரி. மனைவியாக? இருபத்தாறு கிலோமீட்டர், நகரப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணமில்லை.

பக்கத்தில் தூக்குவாளியோடு ஒரு அக்கா. கேட்காமலே நிலவனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாற்று விட்டு இருபது நாளாம், நுனி சுருண்டுவிட்டதாம். இன்றைய தண்ணீர் தப்பினால் நாற்றங்கால் அவ்வளவுதான் என்றார். 11.05-க்கு அவர் கணவர் மதகடியிலிருந்து அழைத்தார்.

"இன்னும் தொறக்கலியா? சாவி இல்லியா?" போனை வைத்துவிட்டுப் பேருந்துக்கே கேட்கும்படி சொன்னார்: "அந்த லஸ்கரு சாவிய வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டானாம். பொண்டாட்டி முந்தானைல முடிஞ்சி வச்சிருப்பா!"

"சென்னைக்குப் போற குழாய்க்கு மட்டும் பூட்டே கெடையாது, கவனிச்சியா மச்சான்?" என்றார் பின்னிருக்கைக்காரர், பக்கத்திலிருந்தவரிடம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையை இறுக்கிக்கொண்டேன்.

11.20, காட்டுமன்னார்கோயில். ஏரிக்கரைக்கு ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய். அக்காவும் அதிலேயே ஏறினார்.

"நீ யாரு வூட்டுக்கும்மா?"

நான் குனிந்து நிலவனின் சட்டையைச் சரிசெய்தேன். மதகடியில் பத்துப் பதினைந்து பேர். நடுவில் தலைகுனிந்து என் கணவர். ஒருவர் கையில் கடப்பாரை.

ஆட்டோவை விட்டு இறங்கியதும் சாவியை எடுத்தேன். "முந்தானைல இல்லக்கா. கொழந்த பையில இருந்துச்சி."

அக்கா சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிலவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"புள்ளய நான் பாத்துக்கறேன். ஓடு!"

11.40-க்குத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது.

மாலை நான்குக்கு நான் புறப்படும்போது அக்கா என் காதருகே குனிந்தார். "நாப்பது நிமிசம் போச்சு. ஆறு மணிக்கும் கொஞ்ச நேரம் சாவியத் தேடச் சொல்லு, உன் வூட்டுக்காரர."

சொன்னேன். என் கணவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மதகடிக்கு நடந்தார்.

6.15, சிதம்பரம். கடலூர் பேருந்தில் சன்னலோர இருக்கை, நிலவன் தூங்கிவிட்டான். அந்த நாற்பது நிமிடத் தண்ணீர் யாருக்கு? சுருண்ட நாற்றுக்கா, சென்னையில் என்னைப் போல ஒருத்தி குழந்தைக்குப் பிடித்துவைக்கும் குடத்துக்கா? அவரிடம் அதைச் சொல்லாமலே வந்திருக்க வேண்டுமோ? போன் செய்தேன்.

"மூடிட்டீங்களா?"

"சாவியக் காணோம். தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

அவர் குரலுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.